அனைவரும் வருக, அனுமதி இலவசம்

"சுருதி சேர்ந்துவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்றே எனக்குத் தெரியாது. கவர்னரும் ஒன்றுதான், கேட் வாட்ச்மேனும் ஒன்றுதான்."

இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் புல்லாங்குழல் வித்வான் மெட்டுகுடா சம்பந்தம். வெளியானது, அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஆண்டுமலரில். கேள்விகளையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டதால் பேட்டி எந்தத் தடங்கலும் இன்றி நடந்தேறியது.

ரயில்வேயில் வேலை கிடைத்து செகந்திராபாத்துக்கு வந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட குடும்பம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர் வித்வான். மற்ற நாட்களில் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். ஆள் எடுப்பதும், எடுத்த ஆளை அனுப்புவதும் தொழில். இரண்டையும் ஒரே மென்மையோடு செய்வார் என்று பெயர்.

கச்சேரிகள் இல்லாமல் இல்லை. கேட்பவர்கள்தான் இல்லை. ஆபீஸில் பயிற்சி கொடுக்க வந்த மார்க்கெட்டிங் நிபுணர் ஒருவர் இந்தத் துயரத்தைக் கேட்டுவிட்டு, "நாள் முழுக்க மெயில் அனுப்புற ஆளு நீங்க. ஒவ்வொண்ணோட வால்லயும் கச்சேரியக் கட்டி விடுங்க சார்" என்றார். அன்று மாலையே சம்பந்தத்தின் மெயில் சிக்னேச்சர் பிறந்தது. குழல் பிடித்த படம், பெயர், வித்வான் பட்டம், வீடியோ இணைப்பு, அடுத்த கச்சேரியின் நாள், நேரம், ஹாலின் விலாசம், 'அனைவரும் வருக, அனுமதி இலவசம்'. இவற்றுக்கெல்லாம் அடியில், சாய்ந்த எழுத்தில், மேற்படி பிரகடனம்.

வடிவமைத்துக் கொடுத்த மகள் ஹர்ஷிதா, "எவரு சதுவுதாரு டாடி இதந்தா?" என்று தெலுங்கில் கேட்டாள். யார் படிப்பார்கள் என்பது ஒரு கலைஞன் எதிர்கொள்ளக்கூடாத கேள்வி. ஆகவே அவர் அதை எதிர்கொள்ளவில்லை.

ஊழியர்களின் சிக்னேச்சர் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. எழுதியவர் சம்பந்தம். அதை அறிவித்த மெயிலின் அடியிலும் குழல் பிடித்த படம் இருந்தது. லீவு மறுப்பு, கழிப்பறைக் குழாய் ரிப்பேர், கான்டீன் பூரி பற்றிய எச்சரிக்கை என எல்லாமே ஒரு கச்சேரி அழைப்போடு முடிந்தன. வந்த ஒரே பதில் ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனியிடமிருந்து. ஹாலிலும் ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. டெஸ்டிங் பிரிவு தேவையில்லை என்று மேலே முடிவாகியிருந்தது. பட்டியலைப் பார்த்த எம்.டி. வரதராஜன், "விதிவிலக்கு ஏதாவது இருக்கா சம்பந்தம்? யாருக்காவது தேதி தள்ளிப் போடணுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் சம்பந்தம். கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

சாயங்காலமே எல்லோருக்கும் பணிநீக்கக் கடிதம் போனது. "உங்கள் வருங்காலப் பயணம் சிறக்க வாழ்த்துகள்" என்ற வரிக்காக அவர் வெகுநேரம் உழைத்திருந்தார். அதன் கீழே சிக்னேச்சர் தானாக ஒட்டிக்கொண்டது. சிக்னேச்சருக்கு இங்கிதம் தெரியாது. வந்த பதில்களை அவர் திறக்கவில்லை. கச்சேரிக்கு முன் கலைஞனின் மனம் கலங்கக்கூடாது.

ஞாயிறு மாலை ஹால் வாசலில் சபா காரியதரிசி ராஜகோபால் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தம் சார், உங்க மெயில் வேலை செஞ்சிடுச்சு! முன்வரிசை ஃபுல்லு. எல்லாம் சின்ன வயசு."

அவருக்குப் பின்னால் யூசுப் நின்றுகொண்டிருந்தான். முகமது யூசுப், ஆம்பூர்க்காரன், டெஸ்டிங். இரண்டு வாரம் முன்புதான் குழந்தை பிறப்புக்காக லீவு கேட்டிருந்தான். "வாழ்த்துகள் யூசுப்!" என்று எழுதி லீவைக் கொடுத்தவர் சம்பந்தம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆபீஸ் கேட்ல கார்டு வேலை செய்யல. உங்களுக்கு மெயில் போட்டேன், போன் பண்ணேன். உங்களப் பார்க்கணும்னா லெட்டர்ல இருந்தது இந்த விலாசம் ஒண்ணுதான்."

"வந்தது சந்தோஷம்பா" என்றார் சம்பந்தம். பழக்கதோஷம்.

"எங்க வீட்ல மாசக் கடைசில டெலிவரி சார். டாக்டர் சிக்கலா இருக்கும்னு சொல்லிட்டாங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் அதுவரைக்கும் இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரில கேக்கறாங்க."

விடை சம்பந்தத்துக்குத் தெரியும். "கச்சேரி முடியட்டும், பேசலாம்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

சுருதி சேர்ந்தது. வழக்கம்போல் கண்ணை மூடினார். வழக்கமாக அங்கே இருக்கும் இருட்டுக்குப் பதில் முன்வரிசை இருந்தது. திறந்தார். அப்போதும் முன்வரிசைதான் இருந்தது. வேலை போன டெஸ்டிங் பிள்ளைகள்தான் எல்லோரும்; யாரும் முறைக்கவில்லை. பெரியவர்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் போல் காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். யூசுப் மரியாதைக்காகத் தொடையில் தாளம் போட்டான், தப்புத் தப்பாக. கச்சேரியைத் தொடங்கும் வர்ணத்தில் பாதி இடங்களில் குழலிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தன் இசைவாழ்வில் முதன்முறையாக, இவர்கள் தட்டாமல் இருந்திருக்கலாமே என்று சம்பந்தத்துக்குத் தோன்றியது. காது மடல்கள் எரிந்தன.

மிருதங்கக்காரர் ஜெயந்தைப் பார்த்து, தனி வாசிக்கும்படி கையைக் காட்டினார். மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கச்சேரியின் பெரிய உருப்படியோடு வருவது, பின்பாதியில்.

"வர்ணத்துக்கா சார் தனி?"

"ஹவ், ஆமா. வாசிங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் திரும்பி வர்ற வரைக்கும்."

வாழ்நாளில் கிடைக்காத சுதந்திரம் கிடைத்த ஜெயந்த் வெளுத்து வாங்கத் தொடங்கினார். சம்பந்தம் குழலை வைத்துவிட்டுப் பக்கவாட்டுப் படியில் இறங்கினார். முன்வரிசையில் காலி நாற்காலி இல்லை. பட்டு ஜிப்பாவோடு யூசுப்பின் முன்னால் தரையில் குந்தினார்.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு யூசுப்."

"இன்ஷூரன்ஸா சார்?"

"ம். மாசக் கடைசின்னு தேதி போட்டிருக்கலாம். எம்.டி. கேட்டாரு. நான்தான் இல்லைன்னுட்டேன்."

"மறந்துட்டீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல அருமையான வாய்ப்பு. சம்பந்தம் தரையைப் பார்த்தார். "மறக்கல. ஞாபகம் இருந்துச்சு. பேச்சு வளர வேணாம்னு விட்டுட்டேன்."

யூசுப்பின் கை தொடையில் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்கு அவர்கிட்ட பேசறேன்."

"நாளைக்கா சார்?" என்றான் யூசுப், தணிந்த குரலில்.

சம்பந்தம் ஜிப்பாவிலிருந்து போனை எடுத்து, அங்கேயே குந்தியபடி எம்.டி.யைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இந்த நேரத்துல? என்ன சத்தம் அங்க?"

"யாரோ வாசிக்கறாங்க சார். நம்ம டெஸ்டிங்ல யூசுப்னு ஒருத்தர். உங்களுக்கு முகம் தெரியாது." சம்பந்தம் யூசுப்பை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியும் சார். எதிர்லதான் உக்காந்திருக்கார்."