வாழைக்குலை அறையில் கிவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அத்தான், அக்காவின் புருஷன், லண்டனின் குட்மேய்ஸில் ஒரு மொத்தப் பழக்கடை வைத்திருந்தார். ஆங்கிலம் எழுத வாசிக்க வேண்டிய வேலையெல்லாம் என் தலையில். வட இத்தாலியின் மலைப்பக்கத்து விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கடைக்குப் பிடித்துத் தந்ததும் நான்தான். கிவிப் பழமும் செஸ்நட் கொட்டையும் விளைவித்து அவர்களே விற்றார்கள். அதைப் பெரிய வீரமாக நகரத்தின் மறுகோடிக் கிங்ஸ்பரி வரைக்கும் சொல்லித் திரிந்தேன்.

இலையுதிர் காலத்தில் வந்த செஸ்நட் நன்றாகப் போனது. எங்கள் ஆட்கள் அவித்துப் பார்த்துவிட்டு, பலாக்கொட்டை மாதிரித்தான், ஆனால் கறிக்கு உதவாது என்றார்கள். வெள்ளைக்காரக் கடைகள் வாங்கின. தை மாதம் கிவி வந்தது. அத்தான் ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தார்.

"என்ன, கல்லையே அனுப்பியிருக்கிறாங்கள்? உதாலை எறிஞ்சால் மண்டை உடையும்."

"வைச்சிருக்கப் பழுக்குமாம், அத்தான்."

"அதுவரைக்கும் ஆர் காத்திருக்கிறது? விடு, நான் பாக்கிறன்."

ஊரில் வாழைக்குலையைக் கிடங்கில் போட்டுப் புகையடித்துப் பழுக்கவைத்த மனுசன். லண்டனில் புகையடித்தால் தீயணைப்பு வண்டி வரும். அதனால் கடையின் பின்பக்க அறையில் குலைகளை அடுக்கி, ஹீட்டர் போட்டு, கதவிடுக்கைச் சாக்கால் அடைத்துவிடுவார். அந்த அறைக்குள் கிவிப் பெட்டிகளில் ஒரு அடுக்கையும் தள்ளினார். பெட்டிகளில் விளைவித்தவரின் இலக்கம் அடித்திருக்கும். அந்த அடுக்கு முழுவதும் ஒரே விவசாயியுடையது. நாலாம் நாள் கதவைத் திறந்தால் வாழைப்பழம் அருமையாக இருந்தது, கிவி கூழாகியிருந்தது. வாழை நல்லாயிருக்கக் கிவி மட்டும் பழுதானால் பிழை கிவியில்தானே என்றார் அத்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

புதன்கிழமை, கிவி பழுதென்று முறையிடச் சங்கத்தின் செயலாளருக்குப் போன் எடுத்தேன். என்னுடையதைவிடக் கொஞ்சம் உடைந்த ஆங்கிலம் பேசும் பெண். எந்த இலக்கம் என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு விளக்கினார்: அது தனியே தோட்டம் பார்க்கிற ஒரு கிழவருடையது. பிந்திப் பறித்த பழத்தை அனுப்பியிருந்தால், விதிப்படி அவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டிவரும். சனிக்கிழமை கூட்டம். உங்கள் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லையே, நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டார். நிச்சயம் என்றேன்.

வியாழக்கிழமை வெறும் பெட்டிகளை மடிக்கும்போது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி இருப்பதைக் கண்டேன். இத்தாலிய மொழிக்குக் கீழே ஆங்கிலத்திலும் இருந்தது. வாழை, ஆப்பிள் பக்கத்தில் வைக்கவேண்டாம், பழம் உடனே கனிந்துவிடும். வாசிப்பதுதான் அந்தக் கடையில் என் வேலை. பெட்டி வந்த அன்றே வாசித்திருக்க வேண்டியவன் நான்.

வெள்ளிக்கிழமை முழுதும் போனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெட்கம். அதைவிட, நானே பிடித்த சங்கம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கிழவர் தப்புவார் என்று தெரியும். தெரிந்துகொண்டே தேத்தண்ணி குடித்தேன், கூட்டத் தேவையில்லாத தரையைக் கூட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னில் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திங்கள் காலைதான் சொன்னேன். செயலாளர் ஏசவில்லை, ஏசியிருக்கலாம். சனிக்கிழமைக் கூட்டத்தில் கிழவரை நீக்கிவிட்டார்களாம், அவர் வாதாடவே இல்லையாம். லண்டனில் இருந்து சொல்கிறார்கள் என்றால் சரியாகத்தான் இருக்கும், எனக்கும் வயது போய்விட்டது என்றாராம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்க் கிவிக் கொடிகளை எல்லாம் அடியோடு வெட்டிவிட்டாராம்.

போனை வைத்துவிட்டு, அத்தானிடம் முழுவதையும் சொன்னேன். குலையொன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

"நான் தெரியாமல் செய்தனான். நீ தெரிஞ்சு செய்தனி" என்றார். பிறகு கயிற்றை முடிந்துவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.