கட்டுமரம் வரைக்கும் கேட்ட வசனம்

எங்கள் சித்தப்பா சிதம்பரத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் இரண்டு வருஷம் திரை இழுத்தவர். அந்தத் தகுதியே போதுமென்று, கடலூரை ஒட்டிய எங்கள் மீனவக் குப்பத்துக்குத் திரும்பியதும் வாத்தியாராகிவிட்டார். மாசி மகத்துக்கு நாடகம் போட ஏழெட்டு இளவட்டங்கள் சேர்ந்தார்கள். விடிந்தும் விடியாத பனியில் அவர்களை மணலில் வரிசையாக நிறுத்தி, வயிற்றில் கை வைத்து "ஆ..." என்று இழுக்கச் சொல்வார். கடலே கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். அரைத்தூக்கத்தில் நானும் சேர்ந்து இழுப்பேன்.

எனக்கு எட்டு வயசு. நாடகத்தில் மகள் வேஷம். ஒரே ஒரு வசனம்: "அப்பா, திரும்பி வாங்க!" என் குரலோ கீச்சுக்குரல். "கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா வேஷம் எதிர்வீட்டுக்காரிக்குத்தான்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவள் அதற்குள் பூப்போட்ட பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் நானே முதல் ஆளாகப் போய் நின்றேன். அலையைத் தாண்டிய கட்டுமரங்கள் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று அப்பாவுடையது.

"தொண்டையில கத்தாத பாப்பா, வயித்துலேருந்து கொண்டா. அதோ, அந்த மரந்தான் கடைசி வரிசை" என்றார் சித்தப்பா.

காற்று கடல் பக்கம் வீசியது. அடிவயிற்றிலிருந்து என் வசனத்தை ஒரு இழு இழுத்து விட்டேன் பாருங்கள், எனக்கே அது என் குரலா என்று சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்களைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் வீட்டில் சாவு என்று அர்த்தம். நாடக மும்முரத்தில் சித்தப்பாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கனவில் வருவதுபோலச் சத்தமில்லாமல் வந்தன. அன்றைய மீன்பாடு போச்சே என்று சித்தப்பாவைப் பிடித்து ஆளுக்கொரு வசனம் பேசினார்கள். எல்லாமே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அப்பா மட்டும் அங்கே நிற்கவில்லை. தண்ணீரில் குதித்தவர் என்னைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார். அம்மாவுக்கு அப்போது நிறைமாசம். அதற்கு முந்தின பிள்ளை தங்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். "என்னங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அப்பா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் குரல் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சும்மா."

வேஷம் எனக்குத்தான் என்று குதித்தேன். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை கிடுகிடுவென்று நடுங்கியது. ஈரத்தோடு ஓடிவந்ததில் குளிருகிறதாக்கும் என்று, என் பாவாடை நுனியால் அந்தக் கையைத் துடைத்துவிட்டேன்.