சீட்டில் வந்த பெயர்

எங்களைப் போல மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு மீஞ்சூரில் ஒரு மண்டபத்தில் பயிற்சி வைத்தார்கள். நான் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். காப்புரிமை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்தவர் படத்தை எடுக்கக் கூடாது, பாட்டைச் சேர்க்கக் கூடாது, மாணவர் அனுப்பும் வீடியோ அவருடைய சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்.

எல்லாம் சரிதான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஒளிச்சேர்க்கை நடத்த வேண்டுமென்றால், மதியம் இறால் உரித்துக்கொண்டே யூடியூபில் யாரோ சொல்வதைக் கேட்டு, சாயங்காலம் அதையே என் வாயால் சொல்கிறேன். அது யாருடைய பாடம்? எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் திருப்பாலைவனம் வரைக்கும் அதையே யோசித்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

எங்கள் குப்பத்தில், புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டடத்தின் மாடியில் வகுப்பு. ஒரு நாள் எல்லா நோட்டிலும் ஒரே விடை, ஒரே இடத்தில் ஒரே தப்பு. யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"பாத்துலாம் எழுதல மிஸ். இன்னிக்கு அவ முறை," என்றது ஒரு குரல், நான்தான் ஏதோ தெரியாமல் பேசுவது போல.

கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களுக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். முறைக்காரர் அங்கே வலை கட்டுவார், விழுவது அவருடையது. மற்றவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நாளைக்கு அவர்களுக்கும் முறை வரும். பிள்ளைகள் அதை அப்படியே படிப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முறைக்காரி போனில் தேடியோ யோசித்தோ விடை எழுதுவாள், மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்குச் செய்து தரும் பொருள்களை எல்லாரும் சேர்ந்து செய்வார்கள், சீட்டில் வந்தவள் பெயரில் அது போகும். சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அதட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஜன்னலில் இருந்த டப்பா பைக்குள் போனது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் ஒரு போட்டிக்கு அறிவியல் வீடியோ கேட்டார்கள். ஒன்பதாவது படிக்கும் இரண்டு பெண்கள் முன்னே நின்றார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள். இன்னொருத்தியிடம் அண்ணன் கம்பெனிச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடிப் பெண் ஒரு தாம்பாளத்தில் மணலும் உப்புத் தண்ணீரும் வைத்துச் செய்து காட்டினாள். கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, வெயிலில் ஏரி சுண்டி உப்பு ஏறும். யோசனையும் பேச்சும் அவளுடையவை. போன்காரி கை ஆடாமல் எடுத்து, வெட்டி ஒட்டினாள். சீட்டில் போன்காரி பெயர் வந்தது. அந்தப் பெயரிலேயே அனுப்பினார்கள். தேர்வாகிவிட்டது. பெயர் உள்ளவளைச் சென்னையில் ஒரு வாரம் அறிவியல் முகாமுக்கு அழைத்துப் போவார்கள் என்று செய்தி வந்தது.

மறுநாள் காலையிலேயே கண்ணாடிப் பெண்ணின் அம்மா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"யக்கா, அந்த வீடியோல கீற கை யாரு கையி?"

உள்ளே வரச் சொன்னேன். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"நண்டு கடிச்ச தழும்பு கீது பெருவெரல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? கொரலும் எம் பொண்ணுது. போறது மட்டும் வேற பொண்ணா? நீ டீச்சர்தான, கேக்க மாட்டியா?"

சாயங்காலம் கண்ணாடிப் பெண்ணைத் தனியாகக் கேட்டேன்.

"சீட்டு போட்டாச்சு மிஸ். அடுத்தவங்க பாடு எடத்துல எங்க நைனா போயி வல கட்டுனா ஊர்ல சும்மா வுடுவாங்களா?"

"இது மீன் இல்லடி."

"அப்ப இன்னா மிஸ்?"

மீனை யாரும் செய்யவில்லை, அதனால் முறை வைத்துப் பிடிக்கலாம், இது நீ செய்தது என்று சொன்னேன். தாம்பாளத்தில் மணல் வைக்கிற யோசனை நீங்கள் காட்டிய ஏதோ வீடியோவிலிருந்துதானே வந்தது என்றாள். ஏரி சுண்டுவதை அவளுடைய நைனா சொன்னாராம். எனக்கு அலுப்பாக இருந்தது. "முகாமுக்குப் போக உனக்கு ஆசையா இல்லையா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பள்ளி அறிவியல் சாருக்குப் போன் செய்ய இரண்டு முறை எண்ணை அழுத்தி, இரண்டு முறை வைத்துவிட்டேன். கடைசியில் இருவரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். சார் போன்காரியைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்.

"பேசுனது, யோசிச்சது அவ சார். நா எடுத்தேன். சீட்டுல என் பேரு வந்துச்சு," என்றாள். அழவில்லை.

"இன்னா சீட்டு?"

ஏரியில் பாடு வைக்கும் முறையையும் பிள்ளைகளின் சீட்டையும் விளக்கினேன். சார் சிரித்தார். "காப்பியடிக்கக்கூட ஊர்க்கட்டுப்பாடு வச்சிருக்கீங்களா டீச்சர்?"

ரெண்டு பேரையும் போட முடியாதா என்று கேட்டேன். ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார். பெயரை மாற்றினார்கள். கண்ணாடிப் பெண் முகாமுக்குப் போனாள். அவள் அம்மா எனக்கு மடவை மீன் கொடுத்தனுப்பினாள்.

போன்காரி அதன்பிறகு போனைக் கொண்டுவரவில்லை. அண்ணன் வேண்டாம் என்றாராம். முகாமிலிருந்து திரும்பி வந்தவளின் பெயர் டப்பாவில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு மிஸ்? அவ பண்ணா அவளுக்கே வந்துடும். எங்களுக்குத்தான் முறை," என்றாள் போன்காரி. மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவளிடம் கோபமும் இல்லை. கணக்குத் தீர்ந்தது போலச் சொன்னாள்.

கண்ணாடிப் பெண்ணின் பெயரையும் எழுதிப் போடச் சொன்னேன். எழுதினார்கள். மிஸ் சொன்னதால் எழுதினார்கள். அடுத்த மாதம் பள்ளியில் காற்று பற்றி வீடியோ கேட்டபோது சீட்டில் அவள் பெயரே வந்தது. "ஒம் பேர்ல தான வருது, நீயே பண்ணு," என்று எழுந்து போய்விட்டார்கள். பயிற்சியில் சொன்னபடி இது முழுக்க அவளுடைய சொந்தப் படைப்புதான்.

எடுக்க ஆள் இல்லாததால் என் போனை நான் பிடித்தேன். அவள் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"ஒங்க கை ஆடுது மிஸ்."

"சரி, மறுபடி சொல்லு."

"அவ புடிச்சா ஆடாது," என்றாள்.

இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன். கீழே மணலில் மற்ற பிள்ளைகள் பேசுவதும் வீடியோவில் விழுந்தது. அவள் குரலை உயர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.