முன் சீட்டுக்கு ஒரு சொல்

காலை 6.30. உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறினேன். மூணாற்றில் நண்பர் மகளின் கல்யாண வரவேற்பு, பகல் பன்னிரண்டுக்கு. மணமக்களை வாழ்த்திப் பேச ஒப்புக்கொண்டிருந்ததால் பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தேன். மலைப்பாதை எனக்கு ஆகாது. நாலு வளைவு திரும்பினால் வயிறு வாய்க்கு வந்துவிடும். முன் சீட்டு கிடைத்தால்தான் வேட்டி தப்பும்.

8.45. மறையூர். மூணாறு பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஆளுக்கு நூறு ரூபாய் என்று ஒரு ஜீப் நின்றது. நாற்பது கிலோமீட்டர். டிரைவர் பாண்டியிடம் முன் சீட்டைக் கேட்டேன்.

"அது காசுக்குக் கெடைக்காது சார். இப்ப தங்கையா அண்ணனுது."

தங்கையா வெல்ல வியாபாரி. முன்னால் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால், பக்கவாட்டுப் பலகையில், செல்வக்கனி என்ற தேயிலைத் தொழிற்சாலைப் பெண்மணி எனக்கு விளக்கினார். இந்த ஜீப்பில் தினம் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம். யாராவது ஒரு புதுச் சொல்லை உண்டாக்க வேண்டும். அதை மூன்று பேர் தம்மையறியாமல் பேச்சில் பயன்படுத்திவிட்டால், அடுத்த சொல் வரும்வரை முன் சீட்டு அவருக்கு. நடுரோட்டில் நின்று படம் எடுப்பவர்களுக்கு 'செல்ஃபாளி' என்று தங்கையா பெயர் வைத்தார். முதலாளி, தொழிலாளி வரிசையில். யானை நின்று வண்டிகள் முடங்கினால், ஆனையும் பிளாக்கும் சேர்ந்து 'ஆனாக்கு'. கொழுந்து பறித்துவிட்டு வந்து தூங்குவது 'கொழுந்தூக்கம்'.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சொல் ஆக்கிய ஆள் நான். இவர்கள் என்ன பெரிய ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

9.20. முதல் வளைவுகள். "வளைவுக்கிறுகிறுப்பு," என்றேன்.

"ரேஷன் கார்டுல அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்," என்றார் செல்வக்கனி.

"ஊர்தியுறுகுமட்டல்?"

"சொல்லி முடிக்குறதுக்குள்ள மூணாறு வந்துரும்," என்றார் பாண்டி.

லக்கம் அருவி வருவதற்குள் பதினோரு சொற்கள் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு இலக்கண விதியும் சொன்னேன். தங்கையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது சொல்லுக்கு வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, காலையில் சாப்பிட்ட இட்லி வந்தது. பின்கதவு வழியே தலையை நீட்டினேன். சட்டை தப்பியது, வேட்டிக்கரை தப்பவில்லை. செல்வக்கனி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "பேரு என்ன சார்?" என்று கேட்டார்.

"சபாபதி," என்றேன், ஈனசுரத்தில்.

"சபாபதி... வாந்தி..." என்று இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "சபாந்தி!"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வரவேற்பில் ஈரக்கரையை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டே நிமிடம் பேசி மேடையை விட்டு இறங்கினேன்.

மறுநாள் மாலை 4.00. மூணாறு. திரும்பிப் போவதற்கும் அதே ஜீப்தான் அகப்பட்டது. முன்னால் தங்கையா, பின்னால் செல்வக்கனி. பின்னால் ஏறி மூலையில் ஒடுங்கினேன். கொழுந்துக்கூடையோடு வந்த ஓர் அம்மா சொன்னார்: "காலையில ஒரு செல்ஃபாளி ரோட்டோரம் சபாந்தி எடுத்துட்டுக் கெடந்தான்."

"சபாந்திக்கு இஞ்சி முட்டாய்தான் கேக்கும்," என்றார் பாண்டி.

"வண்டிக்குள்ள சபாந்தி ஆவாம பாத்துக்கப்பா, விக்காத வெல்லம் இருக்கு," என்றார் தங்கையா. சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது ஆள் அவரேதான்.

கீழே இறங்கித் துண்டால் முன் சீட்டைத் தட்டினார். "வாங்க சார்."

"நான் உண்டாக்கலையே. செல்வக்கனி அம்மாதானே?"

"நான் ஒட்டவெச்சதுதான் சார்," என்றார் செல்வக்கனி. "சரக்கு உங்களுதுல்லா?"

போய் உட்கார்ந்தேன். வளைவுகள் வந்தன, வயிறு அசையவில்லை. எங்கள் அலுவலகத்தில் நான் ஆக்கிய சொற்களை பக்கத்து மேசைக்காரர்கூடப் பேசிக் கேட்டதில்லை. இந்த மலையில் இனி யாருக்கு வயிறு புரட்டினாலும் என் பெயரில் பாதி அவர்கள் வாயில் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.