வேண்டுமென்றே ஒரு வரி

நோர்வேயில், அந்தச் சிகிச்சை அறையில் நான், மனைவி ரெஜினா, எட்டு வயது மகள் மெலனி, பிள்ளைகளின் மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை செய்யும் இங்கர் என்ற நோர்வேப் பெண் ஆகியோர் இருந்தோம். எங்கள் சொந்த ஊரான ஊர்காவற்றுறையில் இருக்கும் என் அக்கா அங்கே இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று கேட்டு அவள் எடுத்த அழைப்புகளால் என் கைத்தொலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. இங்கர் பலகையில் தன் பெயரையே பிழையாக எழுதிவிட்டு, அழிக்காமல் வந்து கதிரையில் அமர்ந்தாள். மெலனியால் அந்தப் பிழையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வீட்டில் ஓர் எழுத்துச் சரிந்தாலும் தாள் கிழியும்வரை அழிப்பவள் அவள். காலையில் வாந்தி எடுப்பாள், பாடசாலைக்குப் போகமாட்டாள். "பிழை விட்டால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று இங்கர் கேட்டாள். "நாங்கள் ஒருநாளும் அடிக்கிறதில்லை," என்று நான் முந்திக்கொண்டேன். இங்கர் கேட்டது பிள்ளையிடம். மெலனி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா வெளியிலை போய்த் திரும்பி வரமாட்டார்."

அது என் சிறுவயதுப் பயம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கடற்றொழில் செய்த அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. விடைத்தாளில் பிழைக்குப் போடும் சிவப்புப் புள்ளடி மட்டும் தெரியும். "இதென்ன?" என்று அதில் விரலை வைப்பார். அடிக்கமாட்டார். சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் வயிற்றோடு கடலுக்குப் போய்விடுவார். காற்று எழும்பினால் அது என் புள்ளடியால்தான் என்று நடுங்கியபடி, படகு திரும்பும்வரை இறங்குதுறையில் நிற்பேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு இவளுக்கு எப்படி அதே பயம் வந்தது?

"அவளின்ரை கொப்பியைப் பாத்திட்டு நீங்களும் ஒண்டும் பேசாமல் எழும்பி வெளியிலை போறனீங்கள்தானே," என்றாள் ரெஜினா.

சிகிச்சை மாத்திரை அல்ல. சின்னப் பிழைகளை வேண்டுமென்றே விட்டு, திருத்தாமல், பயம் தானாக இறங்கும்வரை பொறுத்திருப்பது. மாதக்கணக்காகப் பழகினோம். கடைசிப் படி தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி: மனப்பாடமான பேச்சில் ஒரு வரியை அவள் விடவேண்டும், நான் வாயசைக்கக் கூடாது. முன்வரிசைத் தகப்பன்மார் பிள்ளையோடு சேர்ந்து வாயசைப்பது எங்கள் பள்ளிகளின் வழக்கம்.

அக்காவுக்குச் சிரிப்பு. "பிழை விடப் பழக்க ஒரு டொக்டரோ? எங்கடை ஊரிலை அதைச் சும்மாவே செய்வினமடா!"

போட்டியன்று அக்காவும் காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் குரலைக் கேட்க நான் காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். மெலனி இரண்டு வரி சொன்னாள். நின்றாள். நாங்கள் பேசிவைத்த வரி அதுவல்ல. உண்மையாகவே மறந்துவிட்டாள். உதடு வெளுத்து, என்னையே பார்த்தாள். மேடையிலேயே விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"டேய், பிள்ளை திகைச்சுப்போய் நிக்குது. சொல்லிக் குடன்ரா! உனக்கென்ன கல் நெஞ்சே?" காதுக்குள் அக்கா அழுதாள். அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. அக்காவின் குரலுக்கும் மகளின் கண்களுக்கும் நடுவில், கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடி இருந்தேன்.

"மறந்திட்டன்," என்றாள் மெலனி ஒலிவாங்கியில். மூச்சை இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பிறகு, பேசிவைத்த இடம் வந்ததும், அந்த வரியையும் விட்டாள்.

விட்ட இரண்டு வரிகளுக்குமாக நடுவர்கள் வெட்டியது பத்துப் புள்ளிகள்.