பாட்டு வாசிக்கும் குக்கர்

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் எதிரே இருக்கும் எலக்ட்ரிக் கடைக்குப் போகிறேன். கையில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கர். அங்கே வேலை பார்த்து, போன மாதம் அங்கேயே இறந்துபோன என் மகனுடையது. நம் ஊர் குக்கரில் சோறு வெந்ததும் சுவிட்ச் டக்கென்று விழும். இது பாட்டு வாசிக்கும். மகன் போனை அதன் பக்கத்தில் பிடித்து அவன் அம்மாவுக்குக் கேட்க விடுவான். அவன் சாமான்களில் அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

ஒயர் முனையில் தட்டையாக இரண்டு பின்கள். "இத வெட்டிட்டு நம்ம த்ரீ பின் பிளக்கு ஒண்ணு குடுப்பா" என்கிறேன்.

கடைக்காரர் குக்கரைத் திருப்பி அடியில் படிக்கிறார். "இது நூறு வோல்ட்டுங்கய்யா. நம்மூர்ல இருநூத்தி முப்பது வருது. கரண்டக் கொறைக்கிற பெட்டி வாங்கித்தான் போடணுங்க."

"நான் நாலாங்கிளாசுதான். ஆனா இந்தச் சுத்துப்பட்டுல என் கை படாத போர்வெல் மோட்டாரு கெடையாது. லோ வோல்டேஜுலதான் மோட்டாரு எரியும். கரண்டு ஜாஸ்தி வந்தா சோறு சீக்கிரம் வேவும், அவ்வளவுதான்."

பிளக்கை நானே மாட்டி, நானே சுவிட்சைப் போடுகிறேன். படீரென்று ஒரு சத்தம். மூடி இடுக்கிலிருந்து புகை வருகிறது.

கடைக்காரர் கழற்றிப் பார்க்கிறார். "போர்டே கருகிடுச்சுங்க. பாட்டெல்லாம் இதுலதான் இருந்திருக்கும்."

எரிந்த மோட்டார் எத்தனைக்கோ செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டி ஓட்டியிருக்கிறேன். இதில் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

செல்போன் அடிக்கிறது. வீட்டுக்காரி.

"எங்க வந்துட்டிருக்கீங்க? அரிசி ஊறப் போட்டுட்டனுங்க."

"மொரப்பூர்ல எறங்கிட்டேன்" என்று மட்டும் சொல்கிறேன்.