ஒரு குடைக்குள் இரண்டு துறையடிக்காரர்

எண்பதுகளின் கடைசியில், லண்டனின் எட்மண்டன் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரி யாழ்ப்பாணத்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. பக்கத்து அறையில் ஒரு ஜப்பான் பொடியன், உணவகத்தில் வேலை செய்துகொண்டே படித்தான். வீடு பார்க்க வந்த அன்றே சப்பாத்தை வாசலில் கழற்றி, ஜோடியாகத் திருப்பி வைத்தான். அதற்காகவே அக்கா அவனுக்கு அறையைக் கொடுத்தார். "வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பார். அக்காவின் வாயில் இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு திரிவேன்.

அவனுடைய குடும்பப் பெயர் வத்தனபே. அதைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்துவான். அது அவர்கள் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். அவளும் குனிந்து வணங்கி, தான் வத்தனபே என்றாள்.

எங்கள் கணக்கு எளிது. பின்னால் வருவது அப்பாவின் பெயர். ஒரே பின்பெயர் என்றால் ஒரே அப்பா.

"தங்கச்சிக்காரி வந்திருக்கிறாள், தம்பி. மூக்கைப் பாரும், ஒரே அச்சு!" என்று சொல்லிக்கொண்டே அக்கா இடியப்பத்தையும் சொதியையும் அவள் தட்டில் குவித்தார். எனக்கும் மூக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

சில வாரங்கள் போயின. கோயிலுக்குப் போய்த் திரும்பிய அக்கா, பஸ் நிற்குமிடத்தில் இருவரையும் ஒரே குடைக்குள் கண்டுவிட்டார். குடை சின்னதுதானாம். ஆனால் அவ்வளவு நெருங்கி நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னதில்லையாம்.

"சொல்ல வாய் கூசுது, தம்பி. சாமிப்படம் வைச்ச வீடு இது. கிழமை முடியிறதுக்குள்ள அவனை அறையை விடச் சொல்லும். எனக்கு இங்கிலிஷில ஏச ஏலாது."

அவனுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. அந்த வாடகைக்கு வேறு அறையும் கிடைக்காது. குசினியில் அவனைப் பிடித்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். விளங்கியதும் காது வரை சிவந்தான். பிறகு மேசையில் சிந்திக் கிடந்த தண்ணீரை விரலால் இழுத்து ஓர் ஆறு வரைந்தான். அதன் குறுக்கே ஒரு கோடு. படகேறி ஆற்றைக் கடக்கும் இடம். அதற்கு அருகே இருப்பவர்கள். அதுதான் வத்தனபே. அவன் நாட்டில் அந்தப் பெயர் எங்கும் உண்டாம். ஒரே வகுப்பில் மூன்று பேர் இருந்தாலும் வாத்தியார் ஆச்சரியப்படமாட்டாராம். அவன் ஊர் வடக்கே, அவள் ஊர் தெற்கே. சந்தித்ததே லண்டனில்தான்.

குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்காவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

"அப்ப துறையடி எண்டு சொல்லும்" என்றார்.

"ஓம் அக்கா."

"ஆறு எண்டு இருந்தால் துறையும் இருக்கும்தானே. எல்லாத் துறையும் ஒரு துறையே?" அக்காவின் குரல் இறங்கியது. ஆனாலும் முழுதாக விடவில்லை. "எதுக்கும் இவன்ர தேப்பன்ர சொந்தப் பேரைக் கேளும். பிறகு அவளின்ர தேப்பன்ர பேர்."

கேட்டேன். தன் அப்பாவின் பெயரை உட்கார்ந்தபடியே சொன்னான். அவளுடைய அப்பாவின் பெயரைச் சொல்லும்போது கதிரையைத் தள்ளி எழுந்து நின்றான். இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "மாமன்ர பேரை எழும்பி நிண்டு சொல்லுறான், கண்டீரே?"

தீர்ப்புச் சொன்ன வாயால் அதைத் திருப்பி எடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அக்காவுக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை.

"அறை அவனுக்குத்தான் எண்டு சொல்லும். கலியாணம் கட்டினாலும் அந்தப் பிள்ளைக்குப் பேர் மாத்துற கரைச்சல் இல்லை. ஆனா அதுவரைக்கும் ரெண்டு பேரும் கீழ ஹோலில இருந்து கதைக்கட்டும்."

படியேறப் போனவர் திரும்பினார்.

"பெரிய குடை ஒண்டும் வாங்கச் சொல்லும்."